இருபது நிமிடத் தில்லி

ஊரிலிருந்து உறவினர் வருகிறார் என்ற செய்தி கிடைத்ததும் தில்லித் தமிழராகிய நாம் செய்யும் முதற்காரியம் யாது? காலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்தில் அவருக்கோர் இருக்கையைப் பதிவு செய்து, தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பிர்லா மந்திர், குதுப் மினார், தாமரைக் கோயில், இந்தியா கேட், ராஜ்காட், செங்கோட்டை! மாலையில் வீங்கிய கால்களோடு திரும்பியவரிடம், "எல்லாம் பார்த்தாயிற்றா?" என்று வினவுகிறோம். "ஆயிற்று" என்கிறார். விருந்தோம்பல் முடிந்ததென நாமும் மகிழ்கிறோம். இதனை விருந்தோம்பல் என்று நான் ஒப்பமாட்டேன். பொறுப்பைக் கைகழுவும் செயல் என்பேன்.

குதுப் மினாரை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் குதுபுத்தீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் உயர்த்தி, இடி விழுந்து சிதைந்தபின் பிரோஸ் ஷா செப்பனிட்ட, ஏறத்தாழ 73 மீட்டர் உயரக் கோபுரம் அது. அதற்குப் பேருந்துக்காரர் அளிப்பது இருபது நிமிடம். அதிலும் பாதி புகைப்படத்துக்குப் போய்விடும். திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. அன்று வந்தவர் மதிலைப் பார்த்துவிட்டு, அதையும் பார்த்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

"இரண்டே நாள் விடுப்பு, மீண்டும் வருவாரோ மாட்டாரோ, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கேள்வியில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும், மீண்டும் வரமாட்டார் என்பதனாலேயே அவர் மனத்தில் நிலைக்கும்படி ஒன்றையேனும் காட்ட வேண்டும் என்பது என் வாதம்.

இவ்வாதத்தைப் பட்டறிந்தே கூறுகிறேன். முப்பது ஆண்டுகள் வரலாற்றாசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா இரண்டு நாள் என் வீட்டில் தங்கினார். அவரையும் பேருந்திலேயே ஏற்றிவிட்டேன். புறப்படும் நாளில் ரயில் நிலையத்தில், "அசோகர் தூண் ஒன்று இங்கே இருக்குமே, எங்கே?" என்று கேட்டார். இருபது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த எனக்கு விடை தெரியவில்லை.

பின்னரே அறிந்தேன். பிரோஸ் ஷா கோட்லாவில், நாம் பலமுறை சென்று வந்த கிரிக்கெட் மைதானத்தின் அருகிலேயே, இடிந்த கட்டடமொன்றின் உச்சியில் அத்தூண் நிற்கிறது. தோப்ரா என்னும் ஊரிலிருந்து பஞ்சிலும் நாணலிலும் பொதிந்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, பின் யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டுப் பிரோஸ் ஷா அதனைக் கொணர்ந்தான். அதன் எழுத்தைப் படிக்க அவன் காலத்தில் ஒருவராலும் இயலவில்லை. 1837-இல்தான் ஜேம்ஸ் பிரின்செப் அப்பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்தார். சாலையோரம் ஆலமரங்களை நட்டதையும் கிணறுகள் வெட்டியதையும் அசோகர் கூறும் ஏழாம் தூண் சாசனம், நாமறிந்தவரை, இத்தூணில் மட்டுமே உண்டு.

அசோகர் மரம் நட்டார் என்பதை முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் சித்தப்பா. அச்செய்தி பொறித்த கல்லின் அருகாகவே அவர் சென்ற பேருந்து செங்கோட்டைக்கு விரைந்தது. அவர் மீண்டும் தில்லிக்கு வரவில்லை. இனி வரவும் மாட்டார்.

குற்றம் பேருந்துடையதன்று, நம்முடையது. இரண்டு நாள் தங்குபவர் அவசரப்படுவது இயல்பு. இருபது ஆண்டுகள் இருப்பவர் அறியாதிருப்பது எவ்வாறு இயல்பாகும்? அலுவலகம், கரோல்பாக் கடைத்தெரு, ஆண்டுக்கொருமுறை ஊருக்கு ரயில்: இவற்றிடையே நாமும் இந்நகரில் குறும்பயணிகளாகவே வாழ்கிறோம். இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் அவ்வாழ்வையே பழக்குகிறோம். ஊரும் அவர்களுக்கு விடுமுறை ஊர், தில்லியும் தங்கும் விடுதி என்றால், அவர்கள் எந்த மண்ணைத் தமதென்பர்?

ஆதலின் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த விருந்தினர்க்கு ஓர் இடம், அரை நாள். உடன் நாமும் செல்வோம். செங்கோட்டையாயின், 1945-இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் விசாரிக்கப்பட்டது அங்கேதான் என்றும், அப்படையில் மலேயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தனர் என்றும் எடுத்துச் சொல்வோம். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாமே போய்ப் பார்த்து வருவோம். ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர் வழி கேட்கும்போது, அவர்களேனும் விடை கூறட்டும்.