ஆயுட்கால அங்கத்துவம்: யாருடைய ஆயுளுக்கு?

நல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் ஆலோசனை கேட்டு வந்தார். அபாயா வெட்டுவது, தைப்பது பற்றிய பாடங்களை மகள் வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறார். காசு கட்டிய அங்கத்தவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய இணையத்தளம் ஒன்றைத் தொடங்க வேண்டுமாம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கொழும்பிலும் தங்கிவிட்ட உறவுகளே முதல் வாடிக்கையாளர்கள்.

"ஆயுட்கால அங்கத்துவம் என்று ஒரே தடவையில் ஐயாயிரம் ரூபா வாங்கிவிடலாமா நானா?" என்றார்.

யாருடைய ஆயுள் என்று திருப்பிக் கேட்டேன். வாங்குபவருடையதா, தளத்துடையதா? கையில் வந்த காசு சில மாதங்களில் கரைந்துவிடும். தளத்துக்கான வாடகையோ வருடா வருடம் வரும்.

சரி, மாதச் சந்தா வாங்கலாமே? மாதா மாதம் புதுச் சரக்கு இறக்குபவருக்கு அது பொருந்தும். தையல் பாடத்துக்கு ஒரு முடிவு உண்டு. கற்று முடித்த பிறகும் ஒருவருடைய கடனட்டையில் மாதந்தோறும் காசு கழிகிறது என்றால், அவர் மறந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த மறதியில் வரும் வருமானத்தில் பரக்கத் இருக்குமா?

முழுவதும் இலவசமாகவும் நடத்தலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் ஈழத்து நூல்களை எல்லோருக்கும் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. அதைத் தாங்குபவர்கள் நன்கொடையாளர்கள். அது பொதுப்பணி, நம்முடையது கடை. அதே 2005இல் நியூயோர்க் டைம்ஸ் தன் பத்தி எழுத்தாளர்களைக் கட்டணத்துக்குள் பூட்டியது. தேடுபொறி வழியாக வந்த வாசகர்கள் வாசலோடு திரும்பினார்கள். 2007இல் பூட்டைத் திறந்தது. 2011இல் மறுபடி கட்டணம் வைத்தபோது மாதம் 20 கட்டுரைகளை இலவசமாக விட்டது. அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே அந்தப் பாடத்தைப் படிக்க ஆறு வருடம் பிடித்தது! ஆகவே, மூன்று பாடங்களைத் திறந்து வையுங்கள் என்றேன்.

மீதிக்கு நான் சொன்னது தவணை அங்கத்துவம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அங்கே கடை போடுபவர் அந்த நாட்களுக்கென்றே கட்டணம் கட்டுகிறார். கடைசி நாளில் கடையைக் கழற்றும்போது யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைப்பதில்லை. அதுபோல மூன்று மாதம், இத்தனை பாடம், இவ்வளவு கட்டணம். இடையில் தளம் நின்றால் மீதிப் பணம் திரும்ப வரும் என்றும் எழுதிவிட வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, மக்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓரிரு வருடம் முன்னதாகவே பணம் கொடுத்து வந்தார்கள். அதை அவர்கள் தடுக்கவில்லை. அளவும் நிறையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். மஸ்அலா சொல்வது உலமாக்களின் பொறுப்பு. ஆனால் முன்பணம் வாங்கும் எவருக்கும் அந்த மூன்றும் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வருமானம் இராதே என்று அவர் கவலைப்பட்டார். உண்மைதான். பெருநாளுக்கு மூன்று மாதம் முன்பாக முதல் வகுப்பைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.