நாய்ப்பீயும் நொதியும்: விஞ்ஞானம் யாரைக் குழியிலிருந்து ஏற்றியது?

விஞ்ஞானத்துக்குச் சாதி கிடையாதுன்னு சொல்றவங்க ஒருமுறை தோல் ஷாப்புப் பக்கம் வந்துட்டுப் போகணும். ஒரு ஜெர்மன் விஞ்ஞானியின் ஆய்வு வாழ்க்கையை வைத்தே இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஓட்டோ ரோம் (1876–1939) வேதியியல் படித்தவர். 1901இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஐரோப்பாவிலும் அன்றைக்குத் தோலை மெதுவாக்க நாய்ப்பீயும் புறா எச்சமும்தான். லண்டன் தெருக்களில் நாய்ப்பீ பொறுக்கி தோல் ஷாப்புக்கு விற்றுப் பிழைத்த ஏழைகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ 1851லேயே எழுதிவிட்டார். ரோம் கேட்ட கேள்வி எளிமையானது: இந்தப் பீக்குள் வேலை செய்வது எது? விடை, புரதத்தைச் செரிக்கும் நொதி. அது வெட்டிய விலங்கின் கணையத்திலேயே கிடைக்கும். 1907இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கி, கணைய நொதியை ஓரோபான் என்ற பெயரில் விற்றார். 1914இல் அதே நொதியைத் துணி வெளுக்கவும் கொண்டுவந்தார். இன்றைக்கு நொதி சேர்த்து விற்கும் சலவைத்தூளுக்கெல்லாம் மூலம் இங்கேதான் இருக்கு.

ரோமைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. நான் பார்ப்பது வேறு. அங்கே பீ பொறுக்கியவன் வறுமையால் பொறுக்கினான். பொடி வந்ததும் அந்தத் தொழில் ஒழிந்தது. அவன் பேரனை 'பீ பொறுக்கி சாதி' என்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. இங்கே? சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். வேலை மாறினாலும் தீட்டு மாறாது.

ஆவாரம்பட்டையை எடுத்துக்குங்க. பட்டையில் இருக்கும் டானின் தோலின் கொலாஜன் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. பாடப்புத்தகத்தில் இது தாவர வேதியியல். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போனது. பட்டையை எத்தனை நாள் ஊறவைக்கணும், தோல் பதமாச்சா இல்லையா என்பதைத் தொட்டே சொன்ன கை நம்ம சனத்தின் கை. தோல் சுத்தம், கை மட்டும் தீட்டு! அந்த அறிவை அறிவு என்று எந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது?

இன்றைய கதைக்கு வருவோம். தோலில் மயிர் நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராது. தொட்டிக்குள் இறங்கியவன் அங்கேயே விழுவான். தூக்க இறங்கியவனும் விழுவான். இதற்கும் நொதியில் வழி உண்டு. புரதச் சிதைவு நொதி மயிர்க்காலைத் தளர்த்தி மயிரை முழுசாக உதிர்க்கும். சல்பைடு தேவை பெருமளவு குறையும். 1948இல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. கட்டுரைகள் வந்தாச்சு, காப்புரிமைகள் வந்தாச்சு. ஆனால் சல்பைடு போகலை. சல்பைடு விலை குறைவு என்பார்கள். அதைவிட விலை குறைவானது தொட்டியில் இறங்குபவன் உயிர். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம்ம சனத்தின் உயிருக்குச் சாதி போட்ட மலிவு விலை இன்றைக்கு வெளிமாநிலக் கூலிக்கும் சேர்த்துப் போடப்படுகிறது.

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் தலித் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆய்வுக்கூடத்தில் இடஒதுக்கீடு சம்பளத்துக்கான கேள்வி மட்டும் அல்ல. எதை ஆராய்வது, அதை எந்தக் குழிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்யும் அதிகாரத்துக்கான கேள்வி. உள்ளே போங்க. நொதியின் வேகத்தை அளக்கும்போதே இன்னொன்றையும் அளங்க: இந்த ஆய்வால் எத்தனை பேர் தொட்டியிலிருந்து மேலே ஏறினார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத விஞ்ஞானத்துக்குச் சாதி இல்லைன்னு யார் சொன்னாலும் நான் நம்பத் தயாரில்லை.