பாரசீகர்கள் பொய் பேசுகிறார்களாம்!

"வாயில தேன், மனசுல ஒண்ணுமில்ல." ஈரானியர்களைப் பற்றி இங்கே புனேயில் நம்ம தமிழ் நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி விழும் தீர்ப்பு இது. ஆதாரம் என்று காட்டுவது எல்லாமே 'தாரோஃப்' சமாச்சாரம்தான். டெஹ்ரான் டாக்ஸிக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால் "காபெலி நதாரே" என்பார். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று அர்த்தம். சரி என்று இறங்கி நடந்தால் பின்னாலேயே வந்து காசு கேட்பார். ஆகவே பொய்யர்கள்!

அட, யார் ஏமாந்தது இங்கே? சும்மா சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊரில் கேட்கிறவருக்கும் தெரியும். இரண்டு மூன்று தடவை வற்புறுத்திக் காசைக் கொடுக்க வேண்டியது பயணியின் பங்கு. ரெண்டு பேருக்கும் தெரிந்தது எப்படிங்க பொய்யாகும்? நாம "போயிட்டு வரேன்"னு சொல்லிட்டு நாலு வருஷம் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லையே, அது என்ன கணக்கு?

பாரசீகத்தில் மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசினால் 'ஃபர்மூதன்', ஆணையிடுகிறார். நான் பேசினால் 'அர்ஸ் கர்தன்', விண்ணப்பிக்கிறேன். 'நான்' என்பதே பல சமயம் 'பந்தே', அதாவது அடிமை. ஹிந்தி காதில் விழும் ஊரில் இருக்கும் நமக்கு இது புதுசா? முஷாயிராவில் 'அர்ஸ் கியா ஹை' என்றால் ஆஹா என்று கை தட்டுகிறோம். அதையே ஈரானியர் சொன்னால் வேஷமா?

நன்றி சொல்ல ஒரு வழி, 'தஸ்தெத் தர்த் நகொனே': உன் கை வலிக்காமல் இருக்கட்டும். அதற்குப் பதில், உன் தலை வலிக்காமல் இருக்கட்டும்! விருந்துக்கு வராதவரிடம் 'ஜாத் காலி', உன் இடம் காலியாக இருந்தது என்பார்கள். (இதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.)

எல்லாமே தேனும் பாலும் என்று சொல்லவில்லை. யார் பெரியவர், யார் சின்னவர் என்ற கணக்கும் உள்ளே ஓடுகிறது. மானுடவியலாளர் வில்லியம் பீமன் 1986-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே மொழியோடு அந்தஸ்தும் அதிகாரமும் சேர்ந்து நிற்கின்றன. ஈரானியர்களே அலுத்துப்போய் 'தாரோஃப் நகொன்', உபசாரம் வேண்டாம் என்பதுண்டு. சில நேரம் அதுவும் தாரோஃப்தான் :-)

என் எரிச்சல் வேறு. "வேணாம்னு சொல்லிட்டாங்களே, மறுபடி ஏன் கேக்கறே?" என்று நம்ம பிள்ளைகள் கேட்கும்போது, நேர்மையான குழந்தை என்று பெருமைப்படுகிறோம். மூணாவது தடவை கேட்டால்தான் "சரி, அரை டம்ளர் காபி" என்று இறங்கி வரும் பெரியம்மா ஊரிலிருந்து வந்தால், அவருக்குக் காபி கிடைக்குமா?