வேகம் அப்புறம், முதலில் நினைவு!

சில மாதங்களுக்கு முன் மொபைல் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன். திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. பொறுமை இழந்து மீண்டும் பட்டனை அழுத்தினேன். பணம் இருமுறை போனது. ரீசார்ஜ் ஒருமுறைதான் ஆனது. கேட்டால், "சர்வர் ஸ்லோ சார்" என்றார்கள். என்னைக் கேட்டால், மெதுவாக இயங்கியது குற்றமில்லை. இவரிடம் ஏற்கனவே பணம் வாங்கிவிட்டோம் என்பதை மறந்ததுதான் குற்றம்.

இந்த மறதிக்கு மருந்தாக ஒரு தொழில்நுட்பம் உள்ளது. பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம்: ஸ்டேட்ஃபுல் ஃபங்ஷன்ஸ். நிற்காமல் வந்து கொண்டே இருக்கும் தகவல்களைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கிட்டுக் கையாளுவதை டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்ட்ரீம் ப்ராசசிங் என்கிறோம். இதற்கான இலவச சாப்ட்வேர்களில் ஒன்று அப்பாச்சி பிளிங்க். அதன்மேல் இயங்கும் ஸ்டேட்ஃபுல் ஃபங்ஷன்ஸ் 2019ல் அறிமுகமானது.

மளிகைக் கடை அண்ணாச்சியின் கணக்கு நோட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். யார் வந்தாலும் அவரவர் பக்கத்தைப் புரட்டி, பழைய பாக்கியைப் பார்த்து, புதியதை எழுதுவார். அந்தப் பக்கம்தான் "ஸ்டேட்". வீட்டின் பெயர்தான் ஐ.டி. ஒரு பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு வரவுதான் எழுதப்படும். எனவே குழப்பம் வராது.

நோட்டே தொலைந்தால்? அதற்குத்தான் செக்பாயிண்ட். வேலையை நிறுத்தாமலேயே எல்லாப் பக்கங்களையும் குறித்த இடைவெளியில் படம் பிடித்து வைப்பது போன்றது இது. கம்ப்யூட்டர் ஒன்று செயலிழந்தால், கடைசிப் படத்திலிருந்து தொடங்கி, பிறகு வந்த தகவல்களை மீண்டும் படித்துக் கணக்கை நேர் செய்துவிடும். இதன் அடிப்படை வழிமுறையை 1985ல் லெஸ்லி லாம்போர்ட்டுடன் சேர்ந்து வெளியிட்ட மணி சாண்டி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பது நமக்குப் பெருமை.

புதியவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே "ஒரு நொடிக்கு எத்தனை லட்சம் தகவல்?" என்று கேட்கிறார்கள். இது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. உங்கள் ஒரே கம்ப்யூட்டர் போதும். டாக்கரை இன்ஸ்டால் செய்து, பைதான் மொழியில் கிடைக்கும் கிரீட்டர் என்னும் மாதிரி புரோகிராமை இயக்குங்கள். ஒருவர் பெயரை அனுப்பினால் அவர் எத்தனையாவது முறை வருகிறார் என்று சொல்லும். மூன்று முறை அனுப்புங்கள். பிறகு பைதான் பகுதியை மட்டும் நிறுத்தி, உடனே மீண்டும் இயக்கி, நான்காவது முறை அனுப்புங்கள். ஒன்றிலிருந்து தொடங்காது, நான்கு என்றே வரும். ஏனெனில் எண்ணிக்கை உங்கள் ஃபங்ஷனில் இல்லை. பிளிங்கிடம் பத்திரமாக உள்ளது. ஒவ்வொரு முறையும் தகவலோடு சேர்த்து அதை அனுப்பி, திருத்தியதைத் திரும்ப வாங்கிக் கொள்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பிளிங்கில் செக்பாயிண்ட் தானாக இயங்காது. இடைவெளியைக் குறித்து நீங்கள்தான் இயக்க வேண்டும். அடுத்தது, கோளாறுக்குப் பின் அதே ஃபங்ஷன் இரண்டாம் முறை அழைக்கப்படலாம். பிளிங்கிடம் உள்ள கணக்கு ஒருமுறைதான் மாறும். ஆனால் ஃபங்ஷனுக்குள்ளிருந்து நேரடியாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினாலோ, வங்கியிடம் பணம் கேட்டாலோ அது இருமுறை நடந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு எண் கொடுத்து, "இந்த எண் ஏற்கனவே வந்ததா?" என்று எதிர்முனையும் சோதிக்கும்படி அமைப்பது அவசியம்.

இன்று பழகும் நீங்கள் நாளை ஒரு ரீசார்ஜ் சிஸ்டத்தையே எழுதக்கூடும். அன்று அது கொஞ்சம் மெதுவாக இயங்கினால் வாடிக்கையாளர் காத்திருப்பார். வாங்கிய பணத்தை அது மறந்தால் மன்னிக்க மாட்டார்.