ஹார்மோன் யாருக்குத் தேவை? மதுரை மூத்த குடிமக்கள் சார்பில் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

ஹார்மோன் ஊசி, ஸ்டெம் செல் சிகிச்சை என்று இளமையை விலைபேசும் விளம்பரங்கள் நம் வயதினரின் கைபேசிகளைத் தேடி வருகின்றன. இதில் எங்கள் அமைப்பு என்ன சொல்கிறது என்று உறுப்பினர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். எங்கள் பதில் இது: தேவையில்லாதவருக்கு ஹார்மோன் விற்கப்படுகிறது, தேவைப்படுகிறவருக்கு அது எட்டுவதில்லை. இரண்டையும் எதிர்க்கிறோம்.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் களையெடுக்கப் போகும் பெண்களில், முப்பதுகளிலேயே "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று சர்வசாதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பதில் வராது. இரண்டு சினைப்பைகளும் போய்விட்டால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சட்டென்று விழுந்துவிடும். உடம்பு தீயாய் எரியும், இரவில் தூக்கம் வராது. எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முந்திக்கொண்டு வரும். மார்பகப் புற்றுநோய் போன்ற தடை ஏதும் இல்லையென்றால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரையாவது இவர்களுக்கு ஹார்மோன் கொடுப்பது உலகம் ஏற்றுக்கொண்ட சிகிச்சை. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. ஏற்கெனவே எடுக்கப்பட்டவர்களின் கதி என்ன என்பதே எங்கள் கேள்வி.

ஹார்மோன் என்றால் புற்றுநோய் என்ற பயம் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள், தொல்லை கடுமையாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தீமையைவிட நன்மையே அதிகம் என்று பின்னர் தெளிவானது. அதற்காக, மறதி வராமல் தடுக்கவோ தோல் சுருங்காமல் இருக்கவோ ஹார்மோன் சாப்பிடச் சொல்வதற்கு அதில் ஆதாரம் இல்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் அசதிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடக் கூடாது. அறிகுறிகளோடு, வெவ்வேறு நாள்களில் காலையில் எடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளிலும் அளவு குறைந்திருக்க வேண்டும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மருந்து எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாகவே இருந்தது. எலும்புக்குப் பலம் என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஸ்டெம் செல் அறிவியலுக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. கருவிழியோரத்து ஸ்டெம் செல்களைப் பற்றி நம் ஊர் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. சுண்ணாம்பு தெறித்துப் பார்வை போனவர்களுக்கு அந்தத் துறை பெரிய நம்பிக்கை. ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கும் முதுமைக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று கட்டணம் வாங்குவது வேறு கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். ஆய்வுக்கு உட்படுகிறவரிடமே காசு பறிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, எந்த மருந்தும் குணப்படுத்துவதாக உரிமை கொண்டாடக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. இளமையைத் திருப்பும் ஆற்றலும் அகால முதுமையும் அதில் இருக்கின்றன. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தப் பக்கத்தைப் புரட்டினாலே பாதி விளம்பரங்கள் அடங்கும்.

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுவீடாக வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள், கர்ப்பப்பை எடுத்த பெண்களிடம் சினைப்பை பற்றியும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எதை எடுத்தோம், எதை விட்டுவைத்தோம் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும். பெரியாஸ்பத்திரியிலும் வட்டார மருத்துவமனைகளிலும் சினைப்பை இழந்த பெண்களைப் பார்க்க நாள் குறித்து, அதை ஊருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இளமை விற்கும் நிறுவனங்கள் நடத்தும் இலவச முகாம்களுக்கு எங்கள் கூட்டங்களில் இடம் தர மாட்டோம். அவற்றின் நன்கொடையையும் வாங்க மாட்டோம்.