நானூறு ஆண்டுத் துணிக்கணக்கு

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் காலை மின்சார ரயில்களில் ஒரு கூட்டம் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். தோளில் ஆபீஸ் பை இருக்காது, காலடியில் மீன் கூடை இருக்காது. மடித்து அக்குளில் செருகிய காலிக் கட்டைப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், டிபன் டப்பாவில் புளிச்சோறு. அம்மாவும் பிளஸ் ஒன்னோ பிளஸ் டூவோ படிக்கிற மகளும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பொழுது விடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார்கள். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் ரயில். எல்லாம் ஒரு நாள் துணி வாங்க.

பண்டிகைக்குப் பண்டிகை நடக்கிற இந்தப் பயணத்தை யாரும் வரலாறாக நினைப்பதில்லை. ஆனால் இதே ஏரிக்கரைக்குத்தான் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கட்டிக்கொண்டு துணி வாங்க வந்தார்கள். வாங்க வந்தவன் ஊர் பெருநகரமானது, விற்றவன் ஊர் குக்கிராமமாக நின்றது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் புரிந்துகொண்டால், அந்த அம்மாவும் மகளும் ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் திட்டம் போடுவது ஏன் என்பதும் புரியும்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்ற விஜயநகர அரசிடம் அனுமதி பெற்றது 1610-இல். போர்த்துகீசியர்கள் 1612-இல் அவர்கள் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். மறு ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையகம் பழவேற்காடுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஜாதிக்காயும் கிராம்பும். அவை விளையும் மொலுக்கஸ் தீவுகளிலோ வெள்ளியைவிடத் துணிக்குத்தான் மதிப்பு. அதுவும் இந்தக் கரையின் சிவப்புச் சாயத் துணிக்கும் கட்டம் போட்ட துணிக்கும். துணி இல்லையென்றால் வாசனைப் பொருள் இல்லை என்பது கம்பெனிக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அந்தச் சிவப்பு, சாயவேர் என்ற சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. கடலோர மணலில் வளரும் செடி. கிளிஞ்சல் கலந்த மண்ணில் விளைந்த வேர் கூடுதல் பளிச்சென்று பிடிக்கும் என்பதால் கிருஷ்ணா கழிமுகத்து வேருக்குத் தனி கிராக்கி. துணியைச் சாயத்தில் முக்கி, அலசி, வெயிலில் காயப்போட்டு, மறுபடி முக்கி எடுத்தால்தான் நிறம் நிற்கும். நின்ற நிறம் எத்தனை வெளுப்புக்கும் போகாது. ஐரோப்பியத் துணிகளால் அன்று அதைத் தர முடியவில்லை. பழவேற்காட்டுக் கட்டம் கடல் கடந்து எவ்வளவு தூரம் போனது என்பதற்கு இன்றும் சாட்சி உண்டு: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கட்டம் போட்ட லுங்கியை ‘பெலிக்காட்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்களும் பழவேற்காட்டுக் கைக்குட்டையைப் பார்த்து நெய்து விற்றார்கள்.

இதைப் பொற்காலம் என்று பாடிவிட்டுப் போக முடியாது. லாபம் போன இடம் வேறு. அச்சுதப்ப செட்டி, அவர் தம்பி சின்னண்ண செட்டி போன்ற பெருவணிகர்கள் டச்சுக்காரர்களுக்கும் நெசவாளர்களுக்கும் இடையில் நின்று செல்வம் சேர்த்தார்கள். தறியில் உட்கார்ந்தவனுக்குக் கிடைத்தது முன்பணமும் அதோடு வந்த கடனும். மாதிரித் துணியோடு ஒத்துப்பார்த்து, இழை குறைந்தது, சாயம் மங்கியது என்று விலையைக் குறைப்பார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இதே துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். துணி ஏறிய துறையில்தான் ஆளும் ஏற்றினார்கள் என்பதைப் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஆங்கிலேயர்களும் இங்கே வந்து பார்த்தவர்கள்தான். 1621-இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு ஒண்டுக் குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டில் கசந்தது. பிறகு ஏரியின் வடக்குப் பக்கம், இன்றைய ஆந்திராவின் துர்கராஜபட்டினத்தில் ஆர்மகான் என்று பேர் வைத்து ஒரு பண்டகசாலை போட்டார்கள். நல்ல துணி சரியான விலைக்குக் கிடைக்கவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போனார். மதராசபட்டினத்தில் துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று மேலிடத்துக்கு எழுதினார். 1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து இடம் வாங்கப்பட்டது. சென்னை என்ற நகரமே, ஏரிக்கரையிலிருந்து மலிவு விலைத் துணி தேடித் தெற்கே போன ஒரு பயணத்தில் பிறந்ததுதான்.

அதே வழியில்தான் இன்று கும்மிடிப்பூண்டி ரயில் போகிறது. பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டித் திருவொற்றியூர் வந்துவிட்டால், இரண்டு பக்கமும் துணிக்காகவே உண்டான பேட்டைகள். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம் காலடிப்பேட்டை. கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் குடியிருப்பு வண்ணாரப்பேட்டை. இன்னும் தெற்கே, கூவம் கரையில், 1734-இல் நெசவாளர்களுக்கென்று உண்டாக்கிய சிந்தாதிரிப்பேட்டை. ரயில் முடியும் இடம் மூர் மார்க்கெட் வளாகம். 1900-இல் திறந்து, பழைய புத்தகம் முதல் பழைய துணி வரை விற்ற அந்தச் சந்தை 1985-இல் எரிந்துபோனது. அதன் பேரை மட்டும் ஸ்டேஷன் வைத்துக்கொண்டது.

இந்தப் பேட்டைகள் உண்டான பிறகு மான்செஸ்டர் மில் துணி வந்தது. பழவேற்காடு 1825-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது, அங்கே துணிக்காகக் காத்திருந்த கப்பல் என்று பெரிதாக எதுவும் இல்லை. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் வந்தன. 1918-இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கத்துக்கு ஆட்களைத் தந்தவை அவை, 1996-இல் மூடப்பட்டன. ஏரிக்கரை ஊர்களிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்குப் போனது கிளிஞ்சலும் உப்பும் விறகும் மீனும். நகரம் கட்டச் சுண்ணாம்பு கொடுத்த கரைக்கு, நகரத்திலிருந்து துணி, சைக்கிள் கேரியரில் மூட்டையாக வந்தது. தவணைக்குக் கொடுத்துவிட்டு வாராவாரம் வசூலுக்கு வரும் துணிக்காரரை ஊரில் ஐம்பதைத் தாண்டிய எல்லாரும் அறிவார்கள். அவர் கொண்டுவந்ததுதான் சேலை, அவர் சொன்னதுதான் விலை.

அம்மாக்கள் ரயில் ஏற ஆரம்பித்தது அதனால்தான். கண்ணால் பார்த்து, கையால் தடவி, நாலு கடை ஏறி இறங்கி வாங்கும் உரிமை ரயில் டிக்கெட்டோடு வந்தது.

அந்த ஒரு நாளுக்கு எத்தனை கணக்கு! முதலில் பணம். ஏரியில் இறால் பாடு நன்றாக இருப்பது வடகிழக்குப் பருவமழை பெய்து, வெள்ளம் இறங்கி, முகத்துவாரம் நன்றாகத் திறந்த பிறகு. தீபாவளியோ மழை தொடங்கும்போதே வந்துவிடுகிறது. வருமானம் வருவதற்கு முன் செலவு. அதனால் சீட்டை முன்கூட்டியே எடுப்பதா, மகளிர் குழுவில் கடன் கேட்பதா, நகையை வைப்பதா என்ற பேச்சு ஆடி முடிவதற்குள்ளேயே தொடங்கிவிடும். அடுத்தது நாள். வீட்டுக்காரருக்கு ஏரியில் ‘பாடு’, அதாவது வலை போடும் முறை, வரும் நாளில் போக முடியாது. வலை எடுத்து வந்த இறாலைத் தரம் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் ஏரியில் இறங்கத் தடை இருந்தால், அது வசதியாகப் போயிற்று என்று அந்த நாளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

அடுத்தது இடம். அம்மாவின் ஓட்டு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு. வழியிலேயே இருக்கிறது, பேரம் பேசலாம், வீட்டில் எல்லாருக்கும் எடுத்துவிடலாம், மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். மகளின் ஓட்டு தி.நகருக்கு. சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து பூங்கா ஸ்டேஷன், அங்கிருந்து மாம்பலம், இறங்கினால் ரங்கநாதன் தெரு.

“எம்.சி. ரோட்ல இல்லாத துணியா அங்க இருக்கு?”

“அங்க போட்டுப் பாக்க ரூம் இருக்கும்மா. இங்க சைஸ் தப்பாச்சுன்னா மாத்தவா இவ்ளோ தூரம் வருவ?”

மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்மா தாவணி கட்டி வளர்ந்தவள்; ஐந்தரை மீட்டர் சேலை யாருக்கும் பொருந்தும். மகளுக்கு வேண்டியது குர்தி, லெகின்ஸ், ஜீன்ஸ். அவற்றுக்கு அளவு வேண்டும், அளவுக்குப் போட்டுப் பார்க்க மறைவான இடம் வேண்டும். சாலையோரக் கடையில் பேரம் உண்டு, மறைவு இல்லை. பெரிய கடையில் மறைவு உண்டு, பேரம் இல்லை. தலைமுறைச் சண்டை என்று நாம் சிரித்துக்கொள்ளும் விஷயத்துக்குள் இப்படி ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. அம்மாவின் கணக்கும் சளைத்ததில்லை. துணியின் ஓரத்தை விரலில் திருகிப் பார்ப்பாள், விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள், எச்சில் தொட்டுத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். பண்டகசாலையில் உட்கார்ந்து துணியைத் தரம் பிரித்த கம்பெனி அதிகாரியின் வேலை இப்போது அவள் கையில். ஒரே வித்தியாசம், அவனுக்குச் சம்பளம் உண்டு. இவள் அதற்காக ஒரு நாள் மீன் விற்ற காசை விடுகிறாள்.

தி.நகரின் கதையிலும் தறி இருக்கிறது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான அந்தப் பகுதி பேர் வாங்கியது பிட்டி தியாகராயரிடமிருந்து. அவர் நெசவுத் தொழில் செய்த குடும்பத்தவர். கைத்தறிகள் வைத்து நடத்தியவர். 1928-இல் அங்கே நல்லி பட்டுக்கடை தொடங்கியது. இன்று அங்கே பல மாடி ஏறி இறங்கும் கூட்டத்தில் பெரும்பங்கு வெளியூர்க் கூட்டம். 2023-இல் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஆகாய நடைபாலம் வந்ததே இந்தக் கூட்டத்தின் நெரிசலால்தான்.

அந்தக் கடைகளில் துணி எடுத்துப் போடும் பெண்களும் பெரும்பாலும் இதே போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள், வாங்க வந்த மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. நாற்காலி எந்தெந்தக் கடையில் இருக்கிறது, அதில் உட்கார எங்கெல்லாம் விடுகிறார்கள் என்பதை வாங்கப் போகிறவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஏரிக்கரையில் மறுபடி தறி ஓட வேண்டும், கப்பல் வர வேண்டும் என்று இங்கே கோரவில்லை. அந்தக் காலம் நெசவாளிக்கும் பொற்காலமாக இருக்கவில்லை. ஆனால் நாலு நூற்றாண்டாக இந்தக் கரையிடமிருந்து துணியும் சுண்ணாம்பும் மீனும் ஆளும் வாங்கிக்கொண்ட நகரம், அங்கிருந்து வரும் ஒரு அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு நாளை ஒழுங்காகத் தர வேண்டும். பெரிய செலவில்லாத வேலைகள்தான் பாக்கி. எம்.சி. ரோட்டிலும் ரங்கநாதன் தெருவிலும் பெண்கள் கூச்சப்படாமல் போகக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறைகள். பண்டிகை வாரங்களில் கும்மிடிப்பூண்டிப் பாதையில் கூடுதல் ரயில். கடைசி ரயிலில் இறங்குகிறவர்களை ஏரிக்கரை ஊர்களில் கொண்டுவிட, அந்த ரயில் வரும்வரை காத்திருக்கும் ஒரு பஸ். சின்னக் கடைகளிலும் திரை போட்ட ஓர் அறை. மாநகராட்சியும் ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் வியாபாரிகள் சங்கங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அடுத்த தீபாவளிக்குள் முடிகிற காரியம். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லட்டும்.