சிறு முதலாளிக்காக அழுவது யார்?

"கூட்டாகப் பேசிக் கூலி ஒப்பந்தம் போடுவது பெரிய மில்லுக்குச் சரி. எட்டுத் தறி வைத்திருப்பவன் தலையில் அதைக் கட்டினால் அவன் எங்கே போவான்?"

இது முதலாளிகளின் பழைய பல்லவி. சிறு முதலாளியை முன்னே நிறுத்திவிட்டு, பெரு முதலாளி பின்னால் நின்று கண்ணீர் வடிக்கிறான். தோழர்களே, இது யாருக்காக வடிக்கும் கண்ணீர் என்று பார்ப்போம்.

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் சிறு தொழிலை நசுக்கியது என்றார்கள். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற ஷரத்து 1976-ல் வந்தபோது, 300 பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் அது பொருந்தியது. பின்னர் 100 பேர் என்று ஆயிற்று. 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் மறுபடியும் 300! இதனால் லாபம் யாருக்கு? நூறு பேருக்கு மேல் வைத்து வேலை வாங்குகிறவனுக்கு. எட்டுத் தறிக்காரனை அந்த ஷரத்து என்றைக்கும் தொட்டதே இல்லை.

அப்படியானால் சிறு முதலாளியின் கழுத்தைப் பிடித்திருப்பது யார்? சோமனூருக்கும் பல்லடத்துக்கும் போய்ப் பாருங்கள். அங்கே கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரருக்குத் தறி சொந்தம், நூல் சொந்தமில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் கொடுக்கிறார். துணியாக வாங்கிக்கொண்டு நெசவுக் கூலி தருகிறார். கரண்டு பில், உதிரி பாகம், தறி ஓட்டும் தொழிலாளியின் சம்பளம் எல்லாம் அந்தக் கூலிக்குள்தான்.

2021 நவம்பரில் சர்க்கார் முன்னிலையில் பேசிக் கூலி உயர்வு முடிவாயிற்று. உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச் 19-ல் மறுபடியும் நின்றன. ஏப்ரலில் உண்ணாவிரதம் வரை போன பிறகுதான் சோமனூர் ரகத்துக்கு 15 சதம், மற்ற ரகங்களுக்கு 10 சதம் உயர்வு கிடைத்தது. தறிக்காரர்கள் வைத்த முக்கியக் கோரிக்கை என்ன தெரியுமா? "பேசி முடித்த கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்!"

நியாயமான கோரிக்கை. நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். சங்கம் சேர்ந்து பேசுவதும், வேலையை நிறுத்துவதும், ஒப்பந்தத்துக்குச் சட்ட பலம் கேட்பதும் தறிச் சொந்தக்காரருக்கு நியாயம் என்றால், அதே தறியை இரவும் பகலும் ஓட்டுகிற தொழிலாளி கேட்டால் மட்டும் அநியாயமா?

தஞ்சையிலும் இதே கதைதான். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று மிராசுதாரர்கள் கூட்டாகச் சேரலாம். விவசாயத் தொழிலாளி செங்கொடி பிடித்துக் கூலி உயர்வு கேட்டால் குற்றம். அதன் முடிவு 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் வெந்தது. நியாயக் கூலிச் சட்டம் 1969-ல்தான் வந்தது.

சிறு முதலாளிக்கு உண்மையாகவே கஷ்டம் உண்டு. தொழிலாளிக்குக் கூலி ஏற்றிவிட்டு, மேலே இருப்பவனிடம் ஏற்றிக் கேட்க முடியாமல் தவிக்கிறார். இதற்கு மருந்து ஒப்பந்தத்தை ஒழிப்பதல்ல, விரிவாக்குவது. ஒவ்வொரு கொட்டகையிலும் தனித்தனியே பேரம் நடந்தால், தொழிலாளிக்குக் குறைத்துக் கொடுக்கிறவன் குறைந்த கூலிக்குப் பாவு வாங்கிக்கொண்டு போவான். நியாயமாகக் கொடுக்கிறவர் தறி சும்மா நிற்கும். வட்டாரம் முழுவதும் ஒரே கூலி என்றால் இந்தக் கழுத்தறுப்புப் போட்டி நிற்கும். ஆகவே பொதுக் கூலி ஒப்பந்தம் தொழிலாளிக்குக் கேடயம். சிறு முதலாளிக்கும் கேடயம்.

புதிய தொகுப்போ ஒவ்வொரு நிறுவனத்திலும் 51 சதம் உறுப்பினர் உள்ள சங்கத்துக்கே தனியாகப் பேசும் உரிமை என்கிறது. நாலு பேர், ஆறு பேர் எனச் சிதறிக் கிடக்கும் கொட்டகைத் தொழிலாளிக்கு இதனால் என்ன பயன்?

ஆகவே நாம் கோருவது இதுதான். வட்டாரம் முழுவதற்கும் பேச்சுவார்த்தை நடக்கட்டும். தொழிலாளி, தறிக்காரர் இருவரோடும் நூல் கொடுக்கும் உற்பத்தியாளரும் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போடட்டும். நெசவுக் கூலி ஏறும்போதெல்லாம் தறி ஓட்டுகிறவரின் பங்கும் ஏறட்டும். மீறுகிறவனைச் சட்டம் தண்டிக்கட்டும்.

தறிக்கார நண்பர்களே! உங்கள் எதிரி கொட்டகைக்குள் இல்லை. பாவு வரும் திசையில் இருக்கிறான். தொழிலாளித் தோழர்களே! சட்டம் தானாக வராது. வந்தாலும் தானாக நடக்காது. கொட்டகை கொட்டகையாகச் சங்கம் கட்டுவோம்!